பௌர்ணமி என்பது ஒரு வேலை அல்ல

போன மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், கேட்டுக்கு வெளியே பதினான்கு பேர்.

எண்ணிவிட்டுத்தான் பேசினேன். இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். ஆறு ஆண்கள், ஐந்து பெண்கள், மூன்று குழந்தைகள். பைகள் இருபத்தொன்று. ஒரு குழந்தை பையின் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் இரவெல்லாம் கிரிவலத்தில் மலை சுற்றி வந்தவர்கள் என்பது பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரூம் புக்கிங் ஆபீஸ் இதுதானுங்களே?" என்றார் முன்னால் நின்றவர். கையில் ஒரு பிரிண்ட் அவுட்.

"மாடியில. இன்னும் தொறக்கல."

"நேத்து சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல புக் பண்ணோம் சார். ரூம் கன்ஃபார்ம்னு வந்தது. இப்போ லாட்ஜுக்குப் போனா, அப்படி ஒண்ணு வரவே இல்லன்றாங்க. எங்க ரூம்ல வேற யாரோ தூங்கறாங்க."

பின்னால் இருந்த அம்மாள், "எங்களுக்கும் அதே கதைதான். வேற லாட்ஜு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அந்தக் காகிதத்தின் அடியில் என் வீட்டு முகவரி அச்சாகியிருந்தது. மாடியை வாடகைக்கு விட்டால் இப்படியும் ஒரு காலை விடியும் என்று ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை.

உள்ளே இருந்து என் மனைவியின் குரல்: "எண்ணினது போதும். குழந்தைங்களை உள்ள கூப்பிடுங்க."

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம். கீழே நாங்கள் இருவர். மாடியில் முரளியின் கம்பெனி. முரளி இந்த ஊர்க்காரர். சென்னையில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊரில் உள்ள லாட்ஜுகளை எல்லாம் ஒரே வெப்சைட்டில் சேர்த்து, எங்கிருந்தும் ரூம் புக் செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு. வியாபாரம் அவர் பார்க்கிறார். கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவர் செல்வி.

செல்விக்கு முப்பது வயது இருக்கும். தண்டராம்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் ஓசூரில் வேலை. நான்கு வயது மகள் ஊரில் மாமியாரிடம் வளர்கிறாள். செல்வி இங்கே பெண்கள் விடுதியில் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்குப் போய்வருகிறார் — பௌர்ணமி வராத வாரக் கடைசியில்.

ஏனென்றால் பௌர்ணமி என்றால் இந்த ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாளில் காலியாகக் கிடக்கிற லாட்ஜில் அன்றைக்கு மாடிப்படி கிடைத்தாலும் படுத்துக்கொள்வார்கள். வெப்சைட்டும் அப்படித்தான். மாதம் முழுக்கக் கொட்டாவி விடும். அந்த ஒரு நாள் மூச்சு முட்டும்.

அவர்களிடம் மொத்தம் ஒன்பது சர்வர்கள். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை... ஓயாமல் ஓடுகிற கம்ப்யூட்டர். இரண்டு என் தலைக்கு மேல், ஏழு சென்னையில் வாடகைக்கு. சில சர்வர்கள் வெப்சைட் பக்கத்தைக் காட்டும். சில புக்கிங் வாங்கும். ஒன்று, 'இன்னார் வருகிறார், ரூம் எடுத்து வையுங்கள்' என்று லாட்ஜுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ஒன்று கணக்குப் போடும். இன்னொன்று லாட்ஜ் படங்களைச் சுருக்கும். மற்றொன்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும் (பேக்கப்), இப்படி.

பௌர்ணமி வந்தால் கணக்குப் போடுவதையும் படம் சுருக்குவதையும் நகல் எடுப்பதையும் நிறுத்திவிட்டு, அந்த சர்வர்களையும் கூட்டத்தைச் சமாளிக்கத் திருப்பிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செல்வி இதைக் கையால்தான் செய்துவந்தார். ஒவ்வொரு சர்வராக உள்ளே போய், அதை நிறுத்து, இதை ஓட்டு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டம் ஓய்ந்ததும் மறுபடி ஒவ்வொன்றாகப் பழையபடி. அதனால் பௌர்ணமிக்கு அவர் ஊருக்குப் போனதே இல்லை.

போன பௌர்ணமிக்குச் சில வாரங்கள் முன் படிக்கட்டில் பார்த்தபோது, செல்வியின் முகம் மலர்ந்திருந்தது.

"சார், இனிமே நான் வீடு வீடா போய்ச் சொல்ல வேணாம். ஒரே எடத்துல எழுதி வச்சிடுவேன். அதுங்களே வந்து படிச்சுக்கும்."

"படிச்சுட்டு?"

"எனக்கு இந்த வேலை. எங்கிட்ட இது இது ஓடணும், இது ஓடக்கூடாதுன்னு ஒவ்வொரு மெஷினும் தன்னையே சரி பண்ணிக்கும். நான் தூங்கினாலும் பண்ணும்."

"ஒன்பது மெஷினுக்கு ஒன்பது ஃபைல் எழுதணுமா?"

"அய்யோ இல்ல சார். ஆளுக்கு ஒண்ணு எழுதினா, ஆளு மாறினா போச்சு. வேலைக்கு ஒண்ணு எழுதணும். அதுக்குப் பேரு ரோல். இன்னிக்கு நீ இந்த ரோல்னு சொல்லிட்டா போதும். அது புது மெஷினா பழசான்னு கவலையே இல்ல."

எனக்கு இது பிடித்துப்போயிற்று. அரசாங்கத்தில் புள்ளிவிவரப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஆளை வைத்து நடக்கும் அலுவலகம், வேலையை வைத்து நடக்கும் அலுவலகம் — இரண்டையும் பார்த்திருக்கிறேன். 'அந்த ஃபைல் எங்கேன்னு அவருக்குத்தான் தெரியும், அவர் லீவு' என்ற பதிலைக் கேட்காத ஓய்வூதியர் யாராவது இருக்கிறீர்களா?

எத்தனை ரோல் என்று கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? பக்கம் காட்ட ஒன்று, புக்கிங் ஒன்று, எஸ்.எம்.எஸ். ஒன்று, கணக்கு, படம், பேக்கப்... ஆறு. ஏழாவதாக ஒன்று சொன்னார்.

"பௌர்ணமி."

"அது என்னம்மா வேலை?"

"அன்னிக்கு மட்டும் மூணு மெஷின் அந்த ரோலுக்கு மாறும் சார். பக்கம் காட்டும், புக்கிங் வாங்கும், மெசேஜ் அனுப்பும். எல்லாம் பண்ணும். அன்னிக்கு முடிஞ்சதும் அதுங்களே பழைய ரோலுக்குப் போயிடும்."

சரிதான் என்று நானும் தலையாட்டினேன். இந்த ஊரில் பௌர்ணமி என்றால் யாருக்குத்தான் தெரியாது? ஆட்டோக்காரருக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும், செங்கம் ரோட்டில் அறை எடுத்திருக்கும் வெள்ளைக்காரருக்கும் தெரியும். எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

கம்ப்யூட்டருக்கு மட்டும் யாராவது விளக்கியிருக்க வேண்டும்.

போன பௌர்ணமிக்கு செல்வி முதல்முறையாக லீவு போட்டார். மகளுக்குக் காதுகுத்து. அவர்கள் குலதெய்வத்துக்குப் பௌர்ணமியில்தான் செய்வார்களாம். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாம் ஃபைலில் எழுதியாகிவிட்டது, இனி என்ன என்று முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார்.

திதி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தொடங்கியது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் முடிந்தது. ஃபைலிலோ வெள்ளிக்கிழமைத் தேதி மட்டும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. வெள்ளிக்கிழமை இரவு, சனங்கள் மலையைப் பாதிகூடச் சுற்றி முடிக்காத நேரத்தில், அதைப் பொறுத்தவரை பௌர்ணமி முடிந்துவிட்டது. மூன்று சர்வர்களும் நல்ல பிள்ளைகளாகப் பழைய ரோலுக்குத் திரும்பின. ரோலில் இல்லாதது ஓடக்கூடாது என்பது சட்டம். எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலையை நிறுத்தின. அதுவரை வாங்கி வைத்த புக்கிங்குகளில், கூட்ட நெரிசலில் லாட்ஜுக்கு இன்னும் சொல்லாதவை கையிலேயே தங்கிவிட்டன.

ஒன்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டது. ஒன்று படம் சுருக்க. ஒன்று நகல் எடுக்க.

அந்தப் பதினான்கு பேரும் என் வீட்டு ஹாலில்.

முரளி வந்து போன் மேல் போன் போட்டு, எல்லோருக்கும் எங்கெங்கோ இடம் பிடித்துக் கொடுத்தார். செல்வியின் செல்போனுக்குக் கிராமத்தில் சிக்னல் இல்லை. கிடைத்தபோது, அவர் உடனே பஸ் ஏறினார். மதியம் வந்து சேர்ந்தவரின் தலையில் விசேஷத்துக்கு வைத்த பூ அப்படியே இருந்தது.

தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுபோல நானும் மாடி ஏறினேன். (தொட்டி மொட்டை மாடியில்தான் இருக்கிறது. அவர்கள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மேல் குற்றமில்லை.)

"தப்பு என்னுதுதான் சார்" என்றார் செல்வி முரளியிடம், வந்ததும் வராததுமாக. "நான் இங்க உக்காந்து இருந்தப்ப திதி முடியற வரைக்கும் விட்டு வைப்பேன். கையே செஞ்சிடும். எழுதறப்ப அது தோணவே இல்ல."

"ரெண்டு லாட்ஜ் நம்மள விட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க, தெரியுமா?"

"இப்போதான் சொன்னீங்க."

"அந்த ஆட்டோமேட்டிக் எல்லாம் எடுத்துடுங்க. பழையபடியே பண்ணிக்கலாம். நீங்க இருந்தா ஒரு பிரச்சினையும் வந்ததில்ல. இனிமே பௌர்ணமிக்கு லீவு கிடையாது செல்வி. எதுவா இருந்தாலும் சரி."

முரளி கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கத்தினால் மறுநாள் இறங்கி வருவார்கள்.

செல்வி கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்போ அந்த ஃபைலே நான்தானா சார்?" என்றார்.

"என்னது?"

"எழுதி வைக்கறது எதுக்கு? நான் இல்லன்னாலும் நடக்கணும்னுதான். ஒரு தடவை தப்பா எழுதிட்டேன்றதுக்காக என்னையே கட்டிப் போட்டா எப்படி? எம் பொண்ணு காது குத்தறப்ப யார் மடியில இருந்தான்னு கேளுங்க. மாமா மடியில இருந்தா. அழுதுட்டு எங்கிட்ட வந்தா. வந்த உடனே போன் வந்துடுச்சு. புள்ளையை மாமியார் கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

முரளி மேஜையில் கிடந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அடுத்த பௌர்ணமிக்கு நான் ஊர்லதான் இருப்பேன் சார். ஒழுங்கா நடந்துச்சுன்னா இந்த ரூல் வேணாம். நடக்கலன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே நின்னுக்கறேன்."

முரளி என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்க்கப் போனேன்.

அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண் வேலையை விட்டால் அடுத்த வேலைக்கு எங்கே போவாள்? இந்த ஊரில் சர்வர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையே ஜாஸ்தி. சென்னைக்குத்தான் போக வேண்டும். சென்னைக்குப் போனால் வாரக் கடைசியும் இல்லை.

"நீங்க ஏன் இப்படி நடந்துகிட்டே இருக்கீங்க? அவங்க ஆபீஸ், அவங்க பாத்துக்குவாங்க" என்றார் மனைவி.

"தப்பு எங்கன்னு யோசிக்கறேன்."

"கண்டுபிடிச்சா சொல்லுங்க. அதுக்குள்ள இந்தத் தேங்காயைத் துருவிடுங்க."

தேங்காய் துருவும்போதுதான் தேர்தல் டியூட்டி ஞாபகம் வந்தது.

என் சர்வீஸில் பல தேர்தல்களுக்குப் போயிருக்கிறேன். வாத்தியார் வருவார், தாலுகா ஆபீஸ் கிளார்க் வருவார், கூட்டுறவு சங்கத்துக்காரர் வருவார். எல்லோருக்கும் 'தேர்தல் டியூட்டி' என்றுதான் பெயர். ஆனால் பூத்துக்குள் போனால் அப்படி ஒரு வேலையே கிடையாது. ஒருவர் பட்டியலில் பெயர் பார்ப்பார். ஒருவர் விரலில் மை வைப்பார். ஒருவர் சீட்டுக் கொடுப்பார். பட்டியல் பார்ப்பவர் மை பாட்டிலைத் தொட்டால் அதிகாரிக்குக் கோபம் வரும். இன்னொன்று — வாக்குப்பதிவு நேரம் முடிந்துவிட்டது என்று யாரும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. பெட்டிக்குச் சீல் வைத்து, ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாத்தியார் மறுபடி வாத்தியார்.

தேர்தல் டியூட்டி என்பது ஒரு வேலை அல்ல. ஒரு நாள். பௌர்ணமியும் அப்படித்தான் — ஒரு சர்வரைப் பார்த்து 'உன் வேலை என்ன' என்று கேட்டால் 'பௌர்ணமி' என்று சொல்லக் கூடாது. அது 'எப்போது' என்பதற்கான பதில். 'என்ன' என்பதற்கான பதில் இல்லை.

பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக மறுநாள் மாடி ஏறி, மூச்சு வாங்க அத்தனையும் செல்வியிடம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார்.

"நேத்து நைட்டே அந்த ரோலைத் தூக்கிட்டேன் சார். இனிமே ஆறுதான். மூணு மெஷினும் ஆளுக்கு ஒரு வேலை பாக்கும். கலந்து கட்டி கிடையாது. எப்போ மாறணும்ன்றது தனி ஃபைல்ல இருக்கு. மாறறதுக்கு முன்னாடி கையில இருக்கற மெசேஜ் எல்லாம் அனுப்பிட்டுதான் மாறும்."

"ஒப்படைச்சுட்டு."

"ஆமா சார்... ஒப்படைச்சுட்டு." சிரித்தார். "நீங்க சொன்ன அந்த மை பாட்டில் நல்லா இருந்துச்சு."

ஆறுதலுக்குச் சொன்னது என்று தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு வேறொரு தலைவலி. அந்தத் தனி ஃபைலில் நேரத்தைப் போட வேண்டியவர் முரளி. செல்வி பிடிவாதமாக இருந்தார். 'நான் ஊருக்குப் போகப் போறேன், நீங்கதான் போடணும், பழகிக்கங்க' என்று சொல்லிவிட்டார். முரளி இரண்டு காலண்டர்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"சார், இது வாக்கியப் பஞ்சாங்கம். இது திருக்கணிதம். ரெண்டுலயும் நேரம் வேற வேறயா இருக்கு. எது கரெக்டு?"

நான் மூன்றாவதாக ஒரு காலண்டரை எடுத்துவந்தேன். அதில் இன்னொரு நேரம். நான்காவது, மளிகைக் கடை இலவசமாகக் கொடுத்தது; அதில் அச்சுப் பிழையோ என்னவோ, பௌர்ணமியே வேறு தேதி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். மாடியில் இருந்து சாப்பிட இறங்கிய செல்வி வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன சார், ஜாதகம் பாக்கறீங்களா?"

முரளி விஷயத்தைச் சொன்னார்.

"எந்தப் பஞ்சாங்கம் சரின்னு மெஷினுக்கு எதுக்கு? சனங்க எதைப் பாத்து வராங்க? கோயில்ல கிரிவல நேரம் இதுன்னு அறிவிக்கறாங்கல்ல. பேப்பர்ல வருது. அதைப் போடுங்க."

"முடியற நேரமும் அதேதானா?"

"அதுக்கு மேல அரை நாள் சேத்துப் போடுங்க. திதி முடிஞ்சிடும் சார். கால் வலி முடியாதில்ல? அதுக்கு அப்புறம்தான் ரூம் தேடுவாங்க."

என் மனைவி உள்ளே இருந்து, "இதுதான் சரியான பஞ்சாங்கம்" என்றார்.

இந்த மாதப் பௌர்ணமிக்கு செல்வி சொன்னபடியே ஊருக்குப் போய்விட்டார்.

மாலையில் இருந்தே வேங்கிக்கால் ரோட்டில் பஸ்கள் வரிசை கட்டின. நாற்பது வரை எண்ணிவிட்டு, கண் வலித்ததால் விட்டுவிட்டேன். மாடிக்குப் போனேன். இந்த முறை தொட்டியைச் சாக்குச் சொல்லவில்லை. முரளி தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் செல்போன். அதைப் பார்ப்பார், ஸ்க்ரீனைப் பார்ப்பார், மறுபடி செல்போனைப் பார்ப்பார்.

"எப்படிப் போகுது?"

"ஓடுது சார். மூணும் மாறிடுச்சு. நான் கையே வைக்கல."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"செல்வி இருந்தா, ஓடுதான்னு கேப்பேன், ஓடுதுன்னு சொல்லுவாங்க. நான் நிம்மதியா டீ குடிக்கப் போயிடுவேன். இப்போ ஓடுதுன்னு நானே எனக்குச் சொல்லிக்க வேண்டி இருக்கு."

செல்விக்குப் போன் செய்யலாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்யுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். நல்லவேளை.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தேன். பால் பாக்கெட் மட்டும் இருந்தது. இரண்டு.

முரளி முகம் கழுவிக்கொண்டு இறங்கி வந்து, எல்லா லாட்ஜுக்கும் எல்லா மெசேஜும் போய்விட்டது, ஒரு புகாரும் இல்லை, இரண்டு லாட்ஜ்களில் ஒன்று திரும்பி வருகிறது என்றார். பௌர்ணமிக்கு லீவு கிடையாது என்ற அந்த ரூல்? "அதை நான் சொன்னதா நெனைக்காதீங்க சார்" என்றார். செல்வியின் வேலை பிழைத்தது. வருகிற பௌர்ணமிகளும் பிழைத்தன. நான் இரண்டாவது காபி குடித்தேன்.

பதினோரு மணி இருக்கும். என் வீட்டு லேண்ட்லைன் அடித்தது. செல்வி.

"சார்... ஆபீஸ்ல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் அருமையா நடந்துது. நீ கவலைப்படாத."

"யாராவது கேட்டுக்கு வந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

லைனில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. 'இரு, பேசறேன்' என்றார் அதனிடம். பிறகு என்னிடம், "யாருமே கூப்பிடல சார். இங்க சிக்னல் கிடைக்காதேன்னு நேத்துலேர்ந்து மொட்டை மாடியிலதான் போனை வச்சிருந்தேன். அப்பப்போ ஏறிப் பாத்தேன். ஒரு மிஸ்டு காலும் இல்ல."

"நல்லதுதானே?"

"நல்லதுதான் சார்." குழந்தை மறுபடி கூப்பிட்டது. "அதான்... சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டு, அங்கேயே நின்றேன்.

நான் ரிடையர் ஆனபோது, அடுத்து வருபவர் திணறக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, பிரித்து, பெயர் ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது. அதனால் அவர் ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை. வேலையைச் சரியாகச் செய்ததற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்மை நம்பி ஒன்றும் நிற்கக் கூடாது என்றுதான் எல்லாம் செய்கிறோம். நிற்கவில்லை என்று தெரிந்த அன்று ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

மாடிக்குப் போனேன். முரளி மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன்.

"செல்விக்கு ஒரு போன் போடுங்க."

பதறி எழுந்தார். "ஏன் சார்? இங்க ஒரு பிரச்சினையும் இல்லையே?"

"அதைச் சொல்லத்தான்."